தாலி கட்டும் நேரத்தில் தீர்ந்துபோன ரோல்

கேள்வி: பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். போட்டோகிராஃபர் ஆக ஆசை. நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சத்தில் கேமரா வாங்கித் தர அப்பா தயார். ராத்திரி மண்டபத்தில் தங்க வேண்டுமே என்று அம்மாதான் தயங்குகிறார். எந்த கேமரா வாங்கலாம்?
- ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா. (என் மகள் வயசு, ஒருமையில் எழுதுகிறேன்.) முதலில் சித்திரை, வைகாசி முழுக்க உங்கள் ஊர் ஸ்டுடியோ ஒன்றில் லைட் பிடிக்கப் போ.

1994-இல் நான் தனியாகப் படமெடுக்கப் போன முதல் கல்யாணம் வலங்கைமான் பக்கம். ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம். மாலை மாற்றுவது, ஊஞ்சல், ஆசீர்வாதம் என்று தாராளமாகத் தட்டித் தள்ளிவிட்டேன். கெட்டிமேளம் கொட்டுகிறது, கவுண்டரைப் பார்த்தால் 36. ரோலைச் சுற்றி எடுத்து, புதுசு போட்டு நிமிர்ந்தபோது கிடைத்தது, மூன்றாம் முடிச்சு போட்ட நாத்தனாரின் முதுகு மட்டும். பாக்கிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லைட் பிடித்துப் பழகியிருந்தால் இது நடந்திருக்காது. நாதஸ்வரம் எப்போது மாறும், அந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வரும் மாமாவை எப்படிச் சிரித்துக்கொண்டே நகர்த்துவது என்பதெல்லாம் எந்த கேமராவோடும் வராது. இப்போது ரோல் இல்லை, மெமரி கார்டு. ஒரே படம் இரண்டு கார்டில் பதிகிற மாதிரி வைத்துக்கொள். வீடு வந்ததும் தூங்குவதற்கு முன்பே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்று. ஆல்பம் கை மாறும்வரை எதையும் அழிக்காதே.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாண வேலை அநேகமாக இருக்காது. அடகுக்கடை வட்டிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. அந்த மாதங்களில் குழந்தை படம், கடைகளுக்குப் புடவை, நகை படம் என்று வேறு வேலை தேடத்தான் வேண்டும். முறையாகப் படிக்க ஆசை என்றால் குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) போட்டோகிராஃபி டிசைன் முதுகலை இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். 

அம்மாவின் பயம் நியாயம்தான். கூட இன்னொரு பெண், தனி அறை, திரும்ப வண்டி: மூன்றையும் அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி எழுதிக்கொள். ஆனால் மணப்பெண் அலங்காரம் நடக்கும் அறைக்கு வெளியே நான் முப்பது வருஷமாகக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ நேராக உள்ளே போவாய். ஹோமாய் வியாரவாலா என்ற பெயரையும் அம்மாவிடம் சொல்லி வை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோகிராஃபர், 1947 ஆகஸ்டில் டெல்லி செங்கோட்டையில் கொடி ஏறியதைப் படமெடுத்தவர், புடவை கட்டிக்கொண்டே கனத்த கேமராவைச் சுமந்தவர்.

எந்த கேமரா என்றுதானே கேட்டாய்? சீசன் முடியட்டும். இரண்டு கார்டு போடுகிற பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஒன்று, மங்கலான வெளிச்சத்துக்கும் ஈடுகொடுக்கிற 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. மற்றதெல்லாம் வாடகைக்கு. அந்த லென்ஸில் ஜூம் கிடையாது, நீதான் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஹோமாய் அம்மாவுக்கு முடிந்தது, உனக்குப் புடவை வேண்டாம். மணவறைப் படியில் தடுக்கும். சுடிதாரே போட்டுக்கொண்டு போ.