ராட்டை, தறி மாதிரியான கைத்தொழில் கருவிகள் செய்யும் பட்டறையை மாற்றுத்திறனாளிகளை வைத்து நடத்த முடியுமா? கட்டுப்படியாகுமா?

முடியும். கட்டுப்படியும் ஆகும். ஆனால் முதல் ஆறேழு மாதம் கையைக் கடிக்கும். அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

ராட்டை, மேசைத் தறி, நாடா (தறியில் ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்), தார்க்குச்சி (அந்த நூலைச் சுற்றி வைக்கும் குச்சி) செய்கிற சிறு பட்டறை போடப் போவதாகவும், வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்க ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோவைக்கு வெளியே பன்னிரண்டு வருடமாக நான் செய்வது இதே தொழில்தான். பட்டறையில் இப்போது பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேருக்குக் காது கேட்காது. இரண்டு பேர் போலியோவில் கால் போனவர்கள். ஒருவருக்குப் பார்வை கிடையாது. ஒரு பையனுக்கு அறிவுசார் குறைபாடு. எட்டாவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் சொதப்பிய கதை. போலியோ பாதித்த அண்ணன் ஒருவரை வேலைக்கு எடுத்ததும், பெரிய மனதுக்காரன் என்ற நினைப்பில் வாசலில் சிமெண்டில் சாய்தளம் போட்டேன். அவர் ஊன்றுகோலோடு படியில் சாதாரணமாக ஏறிப் பழகியவர். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, சாய்தளம் நல்லாத்தான் இருக்குது. நான் உக்கார்ற ஸ்டூல்தான் உசரம் பத்தலை. அப்புறம் அந்த டாய்லெட்டு..." அவ்வளவுதான், பேச்சை நிறுத்திக்கொண்டார். விசாரித்தால், எங்கள் பட்டறையில் குந்தி உட்கார்ந்து எழும் பழைய மாடல் கழிவறை. அதற்குப் பயந்து மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் வேலை பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருந்தால் சாய்தளத்துக்குக் கொட்டிய சிமெண்டில் கழிவறையை மாற்றிக் கைப்பிடியும் போட்டிருக்கலாம். நீங்கள் முதல் ரூபாயைக் கழிவறையில் செலவு செய்யுங்கள். மிஷினெல்லாம் அப்புறம்.

இனி வேலைக்கு வருவோம். என்னைக் கேட்டால், மற்ற எந்தத் தொழிலையும்விட நம் தொழில் இதற்குத் தோது. நாம் விற்பதே கைக்குத் தக்க சாமான். பிடி எவ்வளவு தடிமன், மிதிபலகை எவ்வளவு தூரம், எந்த உயரத்தில் வைத்தால் தோள் வலிக்காது என்று வாங்குகிறவருக்காக நாள் முழுக்க மண்டையைப் போட்டு உடைக்கிறோம். அதே யோசனையைப் பட்டறைக்குள் வேலை செய்கிறவர் பக்கம் திருப்பினால் போதும். ஒரு துணிக்கடைக்காரரோ ஓட்டல்காரரோ ஜிக் ஒன்று (வேலை பிசகாமல் வர உதவும் தாங்கு சட்டம்) வேண்டுமென்றால் வெளியே ஆள் தேட வேண்டும். நமக்கு அரை நாள் வேலை, கழிவுக் கட்டை நாலு துண்டு.

எங்கள் பார்வையில்லாத நண்பரின் மேசையைச் சொல்கிறேன். ராட்டையில் கதிர் என்பது பென்சிலைவிட மெல்லிய எஃகுக் கம்பி. அதில் மயிரிழை வளைவு இருந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும், வாங்கியவர் போனில் திட்டுவார். முன்பெல்லாம் ஒவ்வொரு கதிரையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம். மத்தியானத்துக்கு மேல் கண் சலித்துப்போய் எல்லாமே நேராகத் தெரியும். அவர் வந்து ஒரு துண்டுக் கண்ணாடி கேட்டார். பழைய டேபிள் கண்ணாடியை வெட்டி, கீழே மரச்சட்டம் அடித்து, லேசான சரிவாக வைத்துக் கொடுத்தோம். கதிரை மேலேயிருந்து உருட்டி விடுவார். நேராக இருந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரே ஓட்டமாக ஓடும். வளைந்திருந்தால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும். "இது நொண்டுதுங்க" என்று தனியாகப் போடுவார். பக்கத்து மேசையிலிருந்து போலியோ அண்ணன், "யாரைய்யா சொன்னே?" என்பார். இந்தக் கூத்து தினமும் நடக்கும். இப்போது கதிர் சோதனை என்றால் அந்தக் கண்ணாடிதான். அவர் லீவு போட்டால் கண் தெரிகிற நாங்களும் காதால்தான் பார்க்கிறோம்.

அறிவுசார் குறைபாடு உள்ள பையனுக்கு எண்ண வராது. பத்துக்கு மேல் போனால் குழம்பிவிடுவான். பேக்கிங்கில் மேசைத் தறி ஒவ்வொன்றுக்கும் போல்ட், வாஷர், இறக்கை நட்டு என்று பதினான்கு தினுசு சின்னச் சாமான் பையில் போக வேண்டும். பதினான்கு என்றதும் என் அம்மாவுக்குத்தான் தோன்றியது. பரண் மேல் கிடந்த பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தார். குழிக்கு ஒரு தினுசு. ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் அந்தச் சாமானையே ஒன்று பசை போட்டு ஒட்டிவிட்டோம். எந்தக் குழி காலியாக இருக்கிறதோ அது குறைகிறது என்று அர்த்தம், எண்ணவே வேண்டாம். ஒரே தினுசில் நாலு போல்ட் போக வேண்டியிருந்தால், நாலு நின்றால் நிரம்புகிற மாதிரி அந்தக் குழிக்குள் கட்டை வைத்திருக்கிறோம். 'ஒரு நட்டு வரவில்லை' என்று வரும் புகார் அதற்குப் பிறகு அபூர்வமாகிவிட்டது. அதற்கு முன் பேக்கிங் செய்தது நான், எண்ணத் தெரிந்தவன்.

காது கேளாதவர்கள் விஷயத்தில் ஊரெல்லாம் சொல்வது, 'சத்தம் தொந்தரவு செய்யாது, கவனம் சிதறாது' என்று. பாதிதான் உண்மை. அவர்களுக்குப் பேச்சே கையில்தான் என்பதை மறந்துவிடுகிறோம். பேச வேண்டுமானால் உளியைக் கீழே வைக்க வேண்டும், எதிராளியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். ரம்பத்துக்கு முன்னால் நிற்கிறவர் நிமிர்ந்தால் விரல் போய்விடும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: மிஷினில் நிற்கிறவரைப் பின்னாலிருந்து தொடக் கூடாது. முன்பக்கமாக, அவர் கண்ணில் படுகிற மாதிரி வந்து நிற்க வேண்டும். அவசரமென்றால் சுவரில் ஒரு சிவப்பு பல்பு, எல்லா மேசையிலும் அதற்கு சுவிட்ச். இந்த விதி காது கேட்கிறவர்களுக்கும் நல்லதுதான். சைகை கற்றுக்கொள்ளுங்கள். பெரிய பாடமெல்லாம் வேண்டாம். சாமான் பெயர், அளவு, 'நிறுத்து', 'சாப்பிட்டாயா' போதும், மீதியை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லித் தருவார்கள்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததில்லை. நம் வேலூரிலேயே எழுபது வருடத்துக்கு முன் நடந்திருக்கிறது. பால் பிராண்ட் என்ற டாக்டர், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலை, தச்சு எல்லாம் கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த பிறகு வந்தது அடுத்த பிரச்சினை. கை நன்றாகத் தெரிந்ததால் பிச்சையும் குறைந்தது, வேலையும் யாரும் கொடுக்கவில்லை. அதனால் 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்று ஓர் இடம் வைத்துத் தச்சு வேலை பழக்கினார், மரப் பொம்மை செய்தார்கள். அங்கே புதிது புதிதாகக் கையில் புண் வரத் தொடங்கியது. நோய் திரும்பி வந்துவிட்டதோ என்று பார்த்தால், சுத்தியல் பிடிதான் காரணம். உணர்ச்சியில்லாத கைக்கு எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தெரியாது, பிடியில் ஒரு சிலாம்பு இருந்தால் அதுவும் தெரியாது. பிடியைத் தடிமனாக்கி வழவழப்பாக்கி, வேலை முடிந்ததும் கையைப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நான் ஒரு வருடம் ஸ்டூல் உயரத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டேன்.

அதே வேலூர்ப் பக்கம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் இருக்கிறது. தொழுநோய் குணமானவர்களுக்கு வேலை தருவதற்காக 1960-களில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பட்டறை. பார்வையற்றவர்கள் எழுதப் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெய்லர் அங்கே மாற்றுத்திறனாளிகள் கையால் உருவாகிறது. பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளி விசை, கனத்த தாளில் புள்ளியைக் குத்தி எழுப்ப வேண்டும். ஒரு விசை கொஞ்சம் இறுகினாலும் எழுத்தே மாறிவிடும். அவ்வளவு நுட்பமான சாமான். அதை வடிவமைத்த டேவிட் ஆபிரகாம் அமெரிக்காவில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் கைத்தொழில் வாத்தியாராக இருந்தவர். உலகப் போரால் தள்ளிப்போய் 1951-இல்தான் விற்பனைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளிடம் ஊதுபத்தி, மெழுகுவர்த்திக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் காட்பாடியைச் சொல்லுங்கள்.

பணம். நான் முதலில் பீஸ் ரேட் (செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி) வைத்தேன், தப்பு. மெதுவாகச் செய்கிறவர் சனிக்கிழமை கூலியை எல்லோர் முன்னாலும் வாங்கும்போது முகம் செத்துப்போகும். இப்போது எல்லோருக்கும் மாதச் சம்பளம், குறைபாடு இருப்பதால் குறைத்துக் கொடுப்பது கிடையாது. அவரவர் பெயரில் வங்கிக் கணக்கு. இதில் வீட்டார் சண்டைக்கு வருவார்கள், தயாராக இருங்கள். ஒருவருடைய அண்ணன் வந்து, "அவனுக்கு எதுக்குங்க ஏ.டி.எம். கார்டு? எங்கிட்டக் குடுங்க" என்றார். மூன்று மாதம் இழுபறி. இப்போது தம்பி சொந்தமாக ஆண்ட்ராய்டு போன் வாங்கி, வீடியோ காலில் சைகையில் மணிக்கணக்காகப் பேசுகிறார். அண்ணனுக்கு இன்னும் என் மேல் கோபம்.

சட்டத்தை நம்பி தொழில் போடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இருக்கின்றன, 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தன. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. தனியாருக்குக் கட்டாயம் இல்லை. 5 சதவீதமாவது எடுத்தால் ஊக்கத்தொகை தரலாம் என்கிறது. வந்தால் லாபம், கணக்கில் சேர்க்காதீர்கள். ஆள் வேண்டுமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் சிறப்புப் பள்ளிகளிலும் கேளுங்கள். இரண்டு காலும் பாதித்தவர்கள் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு அந்த நல அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பஸ் பிரச்சினை பாதி தீரும்.

விற்பனையில் ஒரு சபலம் வரும். ஒரு பெரிய கடைக்காரர், பெட்டியின் மேல் எங்கள் ஆட்களின் படத்தைப் போட்டால் இன்னும் நூறு ராட்டை எடுப்பதாகச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டில் கேட்டேன். காது கேளாத மூவரில் மூத்தவர் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து சைகையில் கேட்டது: "ராட்டை ஓடலைன்னா படம் ஓட்டுமா?" ஆர்டர் போய்விட்டது. வருத்தம்தான், நூறு ராட்டை என்றால் சும்மாவா. ஆனால் இரக்கத்தில் வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார் என்று அனுபவத்தில் எனக்கும் தெரியும். பல கதிர்கள் வைத்த அம்பர் ராட்டைக்குப் பெயர் வந்ததே அதைக் கண்டுபிடித்த நம்மூர் ஏகாம்பரநாதன் பெயரிலிருந்துதான். அதை வாங்கியவர்கள் பெயரைப் பார்த்தா வாங்கினார்கள்?

இன்னொன்று. உங்கள் கணக்கில் 'போலியோ பாதித்தவர், கை நன்றாக இருக்கும், உட்கார்ந்து வேலை செய்வார்' என்கிற ஆள்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். எல்லோர் மனதிலும் அவர்தான். ஆனால் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக 2011 ஜனவரியில் வந்தது, 2014-இல் ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்துவிட்டது. எங்கள் அண்ணன்கள் இருவருமே ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அந்தத் தலைமுறை ஓய்வுக்குப் போகிறது, போகட்டும், நல்ல சேதிதான். இனி உங்கள் வாசலுக்கு வரப்போவது பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு ஸ்டூல் உயரம் மட்டும் போதாது.

எட்டாவது ஆள் அப்படி வந்தவன்தான். போன மாதம் சேர்ந்தான், பத்தொன்பது வயது, ஆட்டிசம். ரம்பம் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவான். அவன் அம்மா கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், முதல் வாரம் முழுக்க அப்படித்தான். தறிக்கு அச்சு கட்டுகிற மூலையில் (அச்சு என்பது நெடுக்கு நூல்களை இடைவெளி விட்டு நிறுத்தும் சீப்பு மாதிரிப் பாகம், சில ஊர்களில் பண்ணை என்பார்கள்) சத்தம் குறைவு என்று அங்கே உட்காரவைத்தோம். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி பிசகினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டுகிறான். முழு நாளில் ஒன்றரை அச்சு. எனக்கு நான்கு வேண்டும். என்ன ஜிக் போட்டால் சரியாகும் என்று இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் தகரத்தில் ஒரு சீப்பு மாதிரி வெட்டிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏழாவது பல் கோணல் என்று விரலால் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டான். வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். கோணல்தான். நாளைக்கு வேறு வெட்ட வேண்டும்.