126 வேறு, 127 வேறு

கேள்வி: டிஎல்எல்லை (பிற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஏற்ற வேண்டிய லோட்லைப்ரரி எனக்கு ‘நல்’ (வெற்று மதிப்பு) மட்டுமே தருகிறது. டிஎல்எல் கோப்போ என் நிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விண்டோஸ் ஏன் இப்படிப் பொய் சொல்கிறது?

பதில்: விண்டோஸ் இன்னும் வாயே திறக்கவில்லை. நீங்கள் கேட்டால்தானே சொல்லும்! ‘நல்’ வந்த அடுத்த வரியிலேயே, கடைசிப் பிழையைச் சொல்லும் கெட்லாஸ்ட்எரரை அழைத்து, அது தரும் எண்ணை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். முதலில் பிரிண்ட்எஃப், பிறகு விசாரணை என்று வைத்துக்கொண்டால் நடுவில் நடந்த வேறோர் அழைப்பு அந்த எண்ணை மாற்றிவிட்டிருக்கலாம்.

193 வந்தால், பெரும்பாலும் 64 பிட் நிரல் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றப் பார்க்கிறது, அல்லது அதற்கு நேர்மாறு. இதற்கு ஒட்டுப்போட வழி கிடையாது. இரண்டையும் ஒரே வகையில் கம்பைல் செய்தாக வேண்டும்.

126 வந்தால் ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று பொருள். எந்த மாட்யூல் என்று மட்டும் அது சொல்லாது. உங்கள் கோப்பு கண்ணெதிரே இருக்கும். அந்தக் கோப்பு நம்பியிருக்கும் இன்னொரு டிஎல்எல் இல்லாமல் போயிருக்கும். அப்போதும் இதே 126தான். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டம்ப்பின் கருவியை ‘டிபென்டென்ட்ஸ்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால், உங்கள் டிஎல்எல் நேரடியாக யாரையெல்லாம் தேடுகிறது என்ற பட்டியல் கிடைக்கும்.

முழுப் பாதை கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். நியூ, டூல்ஸ் என்ற ஃபோல்டர் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, முன்னால் ஒற்றைப் பின்சாய்வுக்கோடு (\) போட்டால் சி மொழி முதலாவதில் புதிய வரியையும் இரண்டாவதில் டேப்பையும் வைத்துவிடும். ஒவ்வொரு பின்சாய்வுக்கோட்டையும் இரட்டிப்பாக்குங்கள்.

கேள்வி: டிஎல்எல் ஏறிவிட்டது. ஆனால் அதிலுள்ள ஃபங்ஷனின் முகவரியைத் தேடித் தர வேண்டிய கெட்ப்ராக்அட்ரஸ் ‘நல்’ தருகிறது. பிழை எண் 127. ஃபங்ஷன் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பதில்: எண்ணோடு எழுதியதற்கு முதலில் என் நன்றி. உங்கள் மூலக்கோப்பில் எழுத்துப் பிழை இல்லைதான். டிஎல்எல்லுக்குள் அந்த ஃபங்ஷன் வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவே. சி++ கம்பைலரில் கொடுத்திருந்தால், அளபுருக்களின் (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகள்) வகைகளையெல்லாம் பெயரோடு பின்னி வாயில் நுழையாத ஒன்றாக மாற்றியிருக்கும். ஃபங்ஷன் அறிவிப்பில் ‘எக்ஸ்டெர்ன் சி’ போட்டால் அந்தப் பின்னல் நிற்கும். 32 பிட்டில் எஸ்டிடிகால் என்ற அழைப்பு முறையைப் பயன்படுத்தியிருந்தால் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடும் பின்னால் @8 போன்ற ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். அந்த 8, அளபுருக்கள் அடைக்கும் பைட்டுகளின் எண்ணிக்கை. வெளியே தெரிய வேண்டிய பெயர்களைப் பட்டியலிடும் டெஃப் கோப்பு ஒன்றில் வெறும் பெயரை எழுதி லிங்கரிடம் கொடுத்தால் ஒட்டு இல்லாத பெயரே வெளியே தெரியும்.

இதில் ஊகத்துக்கே இடமில்லை. அதே டம்ப்பின்னை ‘எக்ஸ்போர்ட்ஸ்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள். பட்டியலில் உள்ள பெயரை அப்படியே, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் கொடுங்கள். பட்டியலில் பெயரே இல்லையென்றால் ஃபங்ஷனை வெளியே காட்டும் டிஎல்எல்எக்ஸ்போர்ட் போட மறந்திருக்கிறீர்கள்.

கேள்வி: முகவரி கிடைக்கிறது, ஃபங்ஷனும் ஓடுகிறது, விடை மட்டும் குப்பையாக வருகிறது. கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லையே?

பதில்: எப்படிக் கொடுக்கும்? கெட்ப்ராக்அட்ரஸ் தருவது ஒரு முகவரி. அங்கே இருக்கும் ஃபங்ஷன் எத்தனை அளபுருக்களை, எந்த வகையில் வாங்கும் என்ற செய்தி அதில் இல்லை. அந்த முகவரியை வைக்கும் ஃபங்ஷன் பாயிண்டருக்கு நீங்கள் ‘காஸ்ட்’ (வகை மாற்றம்) போட்டு எழுதிய வகைதான் கம்பைலருக்கு வேதவாக்கு.

நீங்கள் அனுப்பிய நிரலில் டிஎல்எல் பக்கம் ‘டபுள்’ (தசம எண்) வாங்குகிறது. நீங்களோ பாயிண்டரில் ‘இன்ட்’ (முழு எண்) என்று எழுதியிருக்கிறீர்கள். 64 பிட் விண்டோஸில் முதல் அளபுரு முழு எண்ணானால் ப்ராசஸரின் ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரிலும், டபுள் ஆனால் எக்ஸ்எம்எம்0 ரெஜிஸ்டரிலும் போகும். நீங்கள் ஒரு வீட்டில் கடிதம் போட்டுவிட்டு வருகிறீர்கள். டிஎல்எல்லோ எதிர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கிறது. அங்கே முன்பு யாரோ விட்டுப்போனது எதுவோ அதுதான் உங்கள் விடை.

32 பிட்டில் இன்னொரு வம்பும் உண்டு. சிடெகால் என்ற அழைப்பு முறையில், அளபுருக்களை அடுக்கிய ஸ்டாக்கைச் சுத்தம் செய்வது அழைத்தவர் வேலை. எஸ்டிடிகாலில் அழைக்கப்பட்டவர் வேலை. இரண்டும் மாறினால், ஒன்று இருவரும் சுத்தம் செய்வார்கள், அல்லது ஒருவருமே செய்யமாட்டார்கள். நிரல் உடனே விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தள்ளிப்போய் சம்பந்தமே இல்லாத இடத்தில் விழுந்தால்தான் தலைவேதனை.

பாயிண்டர் வகைக்குப் பெயரிடும் டைப்டெஃபை ஒரே ஒரு ஹெடர் கோப்பில் எழுதி இரு பக்கமும் அதையே சேர்த்துக்கொள்ளுங்கள். கையால் இரண்டு இடத்தில் தட்டச்சு செய்வதை என்னால் ஒருபோதும் ஆதரிக்க முடியாது.

கேள்வி: டிஎல்எல்லை விடுவிக்கும் ஃப்ரீலைப்ரரியை அழைத்த பிறகும் சில நேரம் ஃபங்ஷன் வேலை செய்கிறதே, அது எப்படி?

பதில்: ஒவ்வொரு லோட்லைப்ரரிக்கும் ஒரு கணக்கு ஏறும், ஒவ்வொரு ஃப்ரீலைப்ரரிக்கும் ஒன்று இறங்கும். பூஜ்யமானால்தான் டிஎல்எல் நினைவகத்திலிருந்து நீங்கும். வேறு யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் பிழைப்பு ஓடுகிறது. அவர்களும் விட்டுவிட்டால் 0xC0000005 என்ற நினைவக அத்துமீறல் பிழைதான். விடுவித்த கையோடு பாயிண்டரிலும் ‘நல்’ வைத்துவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில்?

பதில்: ஏற்ற டிஎல்ஓபன், முகவரி வாங்க டிஎல்சிம், விடுவிக்க டிஎல்குளோஸ். பிழையை எண்ணாக அல்லாமல் வாக்கியமாகவே டிஎல்எரர் தருவதால், இந்த விஷயத்தில் என் ஓட்டு லினக்ஸுக்கு. டிஎல்சிம் முறையாகவே ‘நல்’ தரும் சூழலும் உண்டு. ஆகவே அதற்கு முன் டிஎல்எரரை ஒருமுறை அழைத்துப் பழைய பிழையைத் துடைத்துவிட்டு, பின்னால் மறுபடி அழைத்துப் பாருங்கள். 2021இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) 2.34 முதல், இவற்றுக்காக லிங்கருக்குத் தனியாக எல்டிஎல் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: டிஎல்எல் மலாக் செய்து கொடுத்த நினைவகத்தை என் நிரலில் ஃப்ரீ செய்யலாமா?

பதில்: வேண்டாம். இருவரும் வெவ்வேறு சி ரன்டைமோடு இணைந்திருந்தால் நினைவகம் வாங்கும் ஹீப்பும் வேறாக இருக்கலாம். அதை விடுவிக்க ஒரு ஃபங்ஷனை டிஎல்எல்லிலேயே எழுதி எக்ஸ்போர்ட் செய்து, அதையும் கெட்ப்ராக்அட்ரஸில் வாங்கி அழையுங்கள்.