வால்வும் கொசுவும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் துவாஸில் பிசின் தயாரிக்கும் ஆலையொன்றில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மனிதவள அமைச்சு, தேசியச் சுற்றுப்புற வாரியம், பொதுப் பயனீட்டுக் கழகம், குடிமைத் தற்காப்புப் படை என எல்லா விதிகளையும் எக்செலில் 214 வரிசைகளாக வைத்திருக்கிறேன். இதற்கு நல்ல மென்பொருள் எது? இடர் மதிப்பீட்டை 3 ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதுமா? போன வாரத் தணிக்கையில் ரசாயனக் கிடங்கின் பண்ட் வால்வு, அதாவது கசிவைப் பிடித்து நிறுத்தும் சுற்றுச்சுவரில் மழைநீரை வெளியே விடும் வால்வு, திறந்திருந்தது. திறந்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டோம். கேட்டால் "கொசு வரும் சார்" என்கிறார்.

தி.

அன்புள்ள தி,

3 ஆண்டு என்பது சட்டம் தரும் கடைசித் தவணை. விபத்து நடந்தாலோ வேலைமுறை மாறினாலோ உடனே பார்க்க வேண்டும். அது இருக்கட்டும்.

அந்த மனிதர் சொன்ன மூன்று சொல் உங்கள் 214 வரிசைகளிலும் இல்லை, தம்பி. 'வால்வு மூடியிருக்க வேண்டும்' ஒரு தாளில் இருக்கும். 'தண்ணீர் தேங்கக்கூடாது' இன்னொரு தாளில் இருக்கும். இரண்டுக்கும் டிக் போட்டிருப்பீர்கள். இரண்டும் மோதுவது ஒரே குழாயில். டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். டெங்கிச் சோதனைக்குப் பயந்து அவர் திறந்தார். நீங்கள் தீர்க்காத சிக்கலை அவர் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்திருக்கிறார். அதற்கா கடிதம்?

கணக்கைப் பாருங்கள். 1,000 லிட்டர் ஐபிசி (ரசாயனம் வைக்கும் பெரிய கொள்கலன்) தொட்டி ஒன்று. வழக்கப்படி 110 விழுக்காடு, அதாவது 1,100 லிட்டர் கொள்ளும் பண்ட்: 2 மீட்டருக்கு 2 மீட்டர், சுவர் 27.5 சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் மழை நின்றாலே 100 லிட்டர். உபரி முழுதும் போயிற்று. நம்மூர் மத்தியான மழை ஒன்றுக்கு அது பெரிய வேலையில்லை. அதற்குமேல் பெய்தால், தொட்டி உடையும் அன்று சுவரைத் தாண்டி வழியும். வால்வைத் திறந்தே வைத்தாலோ தாண்ட வேண்டிய அவசியமே இல்லை, நேரே கால்வாய்தான்.

முதலில் கூரை போடுங்கள். சாரல் உள்ளே வராத அளவுக்கு ஓரம் நீட்டி. செலவு என்று மேலாளர் முனகுவார், முனகட்டும். கூரை வரும்வரை வால்வை அடைத்துவிட்டு, மூலையில் சிறு குழி வெட்டிக் கைப்பம்ப் வையுங்கள். திறந்த வால்வை மூட மறந்துவிடலாம். கைப்பம்பு ஆள் நின்று அடித்தால்தான் ஓடும். மழை பெய்த அன்றே பார்க்க வேண்டும்: எண்ணெய்ப் படலம், வாடை, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாள். ஆனால் அசிட்டோன் போல நீரில் கரைவது படலமாகத் தெரியாது, தாளும் காட்டாது. உங்களுடையது பிசின் ஆலை, அப்படிப்பட்ட கரைப்பான்கள் இருக்கக்கூடும். அங்கே சந்தேகம் வந்தால் டிரம்மில் பிடித்து, லேபிள் ஒட்டி, உரிமம் பெற்ற நச்சுக்கழிவு சேகரிப்பாளருக்கு அனுப்புங்கள். சுத்தம் என்று உறுதியானது மட்டும் மழைநீர்க் கால்வாய்க்கு. கழிவுநீர்க் குழாய்க்கு அல்ல. இங்கே இரண்டும் தனித்தனி என்பதைப் புதியவர்களுக்குத் தமிழிலும் வங்காள மொழியிலும் எழுதி ஒட்டுங்கள்.

எச்சரிக்கைக் கடிதத்தை இன்றே திரும்ப வாங்குங்கள். பம்ப் எந்த மூலையில் இருந்தால் கைக்கு வாகாக இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். மென்பொருளைப் பிறகு பார்க்கலாம்.