மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கான (வண்டியோடு எடை போடும் மேடை) மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தில், "எடை விரைவாகவும் சரியாகவும் பதிவாக வேண்டும்" என்று எழுதினேன். நிரலாளர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்துவருகிறார்கள். அந்த வரியை எப்படித் திருத்துவது?

"விரைவாகவும் சரியாகவும்" என்பதை எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை மூன்றாக உடையுங்கள்:

1. எடை நிலைத்த 3 விநாடிக்குள் திரையில் தெரிய வேண்டும்.
2. காலி வண்டியின் எடை பதிவாகும்வரை ரசீது அச்சாகக் கூடாது.
3. ரசீதில் மாம்பழ ரகம், மொத்த எடை, காலி எடை, நிகர எடை இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை முதலாளி சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு எடைமேடை கண்முன் நிற்கிறது, நிரலாளருக்கு நிற்கவில்லை. ஆளுக்கொரு விதமாகச் செய்துவருவது அதனால்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை விதிவிலக்குகளில் இருக்கிறது. ஒரே டிராக்டரில் இரண்டு விவசாயிகளின் பெங்களூரா ரக மாங்காய் வந்தால்? முதலாமவரின் காயை இறக்கியபின் மீண்டும் எடை போட்டாக வேண்டும். ஒரு வண்டிக்கு மூன்று எடை, இரண்டு ரசீது. உங்கள் ஆவணத்தில் இதற்கு இடமே இல்லை. விவசாயிக்குப் போகும் பணம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு வரியையும் பரிசோதகரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் சோதனையை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத வரி இன்னும் தெளிவாகவில்லை. இத்தகைய தேவைகளை எழுதுவதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 29148-உம், ஒவ்வொரு தேவையும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

3 விநாடி என்பது நான் வைத்த உதாரணம் மட்டுமே. சீசனில் வண்டிகள் வரிசைகட்டும் நேரத்தில் எடை போடுபவர் அருகில் நின்று பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.