எழுப்பிவிட ஒருவர் இருக்கும்வரை

கேள்வி: நான் இரட்சிக்கப்பட்டுப் பல வருடமாகிறது. அதிகாலை ஜெபம் நான்கு நாள் நடந்தால் ஐந்தாம் நாள் நின்றுபோகிறது. வேதத்தை ஜனவரியில் ஆரம்பித்து மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் விட்டுவிடுகிறேன். இரவு போனைக் கீழே வைக்க நள்ளிரவு தாண்டிவிடுகிறது. வீட்டில் கோபம் வந்தால் கத்திவிடுகிறேன். வேலைக்கு மட்டும் ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை; மனைவி மூன்று தடவையாவது வந்து எழுப்பிவிடுவாள். இச்சையடக்கத்துக்காக, அதாவது என்னை நானே கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ள, 21 நாள் உபவாசம் இருக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது லேவியராகமம் அல்ல, அந்த மூன்று தடவை. நள்ளிரவு தாண்டிப் போன் பார்த்தது நீங்கள். அதற்கு விலை கொடுப்பது காலையில் அடுப்புக்கும் படுக்கையறைக்கும் நடக்கிற உங்கள் மனைவி. 'ஒருநாளும் தாமதமில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடைய ஒழுங்கு? உங்களுக்கு வேண்டிய இச்சையடக்கத்தை இத்தனை வருடம் அவர் சுமந்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் அவருக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது.

'ஆவியின் கனிதானே, ஆவியானவர் தரட்டும்' என்று காத்திருப்பவர்கள் சபைக்குச் சபை உண்டு. கலாத்தியர் 5-இல் இச்சையடக்கம் ஆவியின் கனிதான், பரிசுத்த ஆவியானவர் நமக்குள் விளைவிக்கும் குணம்தான். ஆனால் 2 பேதுரு 1-இல் அதே இச்சையடக்கத்தை 'அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்' கூட்டிச் சேர்க்கும்படி சொல்லியிருக்கிறது. அந்த ஜாக்கிரதை உங்களுடையது. மனைவியிடம் ஒப்படைக்கக் கூடியது அல்ல.

இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்: "நாளையிலிருந்து என்னை எழுப்ப வேண்டாம்." தனியாக ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கட்டிலிலிருந்து கை எட்டாத இடத்தில் வையுங்கள். எழுந்து நடந்தால்தான் அணைக்க முடிய வேண்டும். போனில் அலாரம் வைத்தால் போன் படுக்கைக்கு வந்துவிடும், அதோடு கதை முடிந்தது. முதல் வாரத்தில் ஒருநாளாவது தூங்கிப்போய் வேலைக்குத் தாமதமாவீர்கள். மேலதிகாரியிடம் வாங்குகிற பேச்சை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து 'நீ ஏன் எழுப்பவில்லை' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அதிகாலை ஜெபம் தோற்பது முந்தின இரவில். ஐந்தரைக்கு எழ வேண்டும், ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால் பத்தரைக்குப் படுத்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் போன் வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். முதல் மாதம் காலையில் இருபது நிமிடம் போதும். வாசிப்புக்குப் பத்து, ஜெபத்துக்குப் பத்து. ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பதால்தான் ஐந்தாம் நாள் விழுகிறீர்கள்.

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்கத் தினம் மூன்று நான்கு வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆதியாகமமும் யாத்திராகமமும் முடிந்து ஜனவரிக் கடைசியில் லேவியராகமம் வரும். பலிகளின் ஒழுங்குமுறைகள் பழகாதவருக்கு வாசிக்கக் கடினம். அங்கே மூன்று நாள் தவறினால் கிட்டத்தட்டப் பத்து அதிகாரம் பாக்கி. அந்தப் பாக்கியைப் பார்த்துத்தான் புத்தகத்தை மூடுகிறீர்கள். இப்போதைக்கு மாற்கு சுவிசேஷம் எடுங்கள். 16 அதிகாரம், தினம் அரை அதிகாரம், ஒரு மாதத்துக்குச் சரியாக இருக்கும். தவறின நாள் போனது போனதுதான்; மறுநாள் அடையாளம் வைத்த இடத்திலிருந்து தொடருங்கள், இரட்டிப்பாக வாசிக்காதீர்கள்.

உபவாசம் இப்போது வேண்டாம். ஏசாயா 58-ஐ வாசியுங்கள்: உபவாச நாளிலேயே வழக்கும் வாதும் பண்ணுகிறவர்களைத் தேவன் கடிந்துகொள்கிறார். வயிறு காய்ந்தால் நீங்கள் இன்னும் கத்துவீர்கள், கேட்கப்போவது அதே வீடு. (அந்த 21 நாளும் உபவாசம் முடிக்கச் சமைக்கப்போவது யார் என்றும் யோசித்தீர்களா?)

கோபத்தைப் பற்றி ஒரு கேள்வி. மேலதிகாரியிடம் இப்படிக் கத்தியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடக்கத் தெரியாதவர் அல்ல நீங்கள். வீட்டில் அடக்கத் தேவையில்லை என்று நினைக்கிறவர். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. அந்த விசாரிப்பு சம்பளம் கொண்டுவந்து கொடுப்பதோடு முடிவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்புறம் வீட்டு விஷயம் பேசுங்கள். குரல் ஏறுவது தெரிந்தால் "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லி எழுந்துபோங்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் அதற்குப் பெயர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது. அப்படியும் கத்திவிட்டால் அன்றைக்குள்ளே மன்னிப்புக் கேளுங்கள், 'ஆனால் நீயும்' என்று கூட்டாமல். பிள்ளைகள் முன்னால் கத்தியிருந்தால் பிள்ளைகள் முன்னால்தான் கேட்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு அல்ல.