பதில்: தேள் கொட்டிய விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது, பயப்பட வேண்டுமா?

நேற்று இரவு விறகு அள்ளும்போது கொட்டியது, கடுப்பு தோள்வரை ஏறியது, இன்று விரலில் மதமதப்பு என்கிறீர்கள். கொட்டிய நொடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தது போல எரியும். அப்புறம் விண்விண்ணென்று மேலே ஏறும், சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். வலி இறங்கிய பிறகும் மரமரப்பு ஓரிரு நாள் நிற்கலாம். வலி மட்டும் என்றால் பாராசிட்டமாலும் குளிர்ந்த ஒத்தடமும் போதும்.

நான் கேட்பது வேறு. உடம்பெல்லாம் கொட்டும் வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுவது, படபடப்பு, மூச்சுத்திணறல் ஏதாவது இருந்ததா? இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். பெரிய கருந்தேள் பெரும்பாலும் வலியோடு விட்டுவிடும். சின்னச் செந்தேள்தான் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மகாடில் மருத்துவர் பவாஸ்கர் 1980களில் பிரசோசின் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். அது ரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கட்டுப் போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம். குழந்தைக்குக் கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைதான்.