உப்புக் காற்றும் ஓதச் சுவரும்: வடசென்னை வாசகர்களின் வீட்டுப் பழுதுக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்திலிருந்தும் அதையொட்டிய பகுதிகளிலிருந்தும் வந்தவை. பழுது எதுவானாலும், அதைப் பூசி மறைப்பதற்கு முன் ஈரமும் உப்பும் எந்த வழியாக உள்ளே வருகின்றன என்று கண்டறிய வேண்டும். அந்த வழியை அடைக்காமல் செய்யப்படும் வேலை அடுத்த ஐப்பசி மழையைக்கூடத் தாங்குவதில்லை.

கேள்வி: எங்கள் வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் உள்ளது. படுக்கையறையின் மேல்தளத்திலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. சிமென்ட் கலவை வைத்து அடைத்துவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா ஐயா?

பதில்: போதாது. முதல் வேலையாகக் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

நல்ல கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி, துருவை அண்டவிடாமல் வைத்திருக்கும். கடற்காற்றோடு வரும் குளோரைடு உப்பு நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைத்துவிடுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைக்கும் என்பதால், உள்ளிருந்து நெம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கடலோரத்தில் காற்றுக்கு நேராக இருக்கும் கான்கிரீட்டில் கம்பியை 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கூறுகிறது. பழைய வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இருப்பதில்லை.

சுத்தியலின் மரப்பிடியால் தளத்தின் அடிப்பகுதி முழுவதையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று கெட்டியாக ஒலிக்கும் இடம் நல்ல இடம். ‘டொக்’ என்று பொள்ளலாக ஒலிக்கும் இடம் பிளந்து, விழக் காத்திருக்கும் இடம். அப்படிப்பட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால், பழுது நீங்கள் பார்த்த ஓர் அடிப் பரப்போடு நிற்கிறதா, அறை முழுவதும் பரவியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அறை முழுவதும் இருந்தாலோ, கம்பியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தாலோ, கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் எதையும் தொடாதீர்கள்.

சிறிய பரப்பு என்றால், பொள்ளலான கான்கிரீட் அனைத்தையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, இரும்புத் தூரிகையால் கம்பி பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். பிறகு துத்தநாகம் கலந்த காப்புப் பூச்சு, அதன் மேல் பிணைப்புப் பசை, அதன் மேல் பாலிமர் கலந்த ரிப்பேர் மோர்ட்டார் என்ற வரிசையில் வேலை நடக்க வேண்டும். கலவைக்கு உப்பான போர்த் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. உப்பேறிய பழைய கான்கிரீட்டை அப்படியே விட்டுவிட்டு நடுவில் மட்டும் புதுக்கலவை வைத்தால், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியுள்ள கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உங்கள் கொத்தனாரின் யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

மொட்டை மாடியில் நீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். கசிவைக் கண்டறிய மாடியில் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிப்பது வழக்கம் என்றாலும், ஏற்கெனவே பலவீனமான தளத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வியாசர்பாடியில் தரைத்தள வீடு. சுவரின் அடிப்பகுதியில் மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தும் பயனில்லை.

பதில்: ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறதா, வேறெங்கிருந்தாவது வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அலுமினியத் தாளையோ கெட்டியான பிளாஸ்டிக் தாளையோ சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் அடைத்து, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் இருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது என்று பொருள். சுவருக்கு மறுபக்கம் குளியலறை இருக்குமானால், அங்குள்ள குழாய்க் கசிவையும் சந்தேகியுங்கள்.

உங்கள் பகுதியில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம் வேறு. சாலையின் மேல் சாலை போட்டு உயர்த்தியதில், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிச் சென்ற வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே போய்விட்டன. அடித்தளத்துக்கு மேல் போட்டிருந்த ஓதத் தடுப்புப் படலமும் மண்ணுக்குள் புதைந்து, மண்ணின் ஈரம் அதைத் தாண்டி நேராகச் செங்கல்லுக்குள் ஏறுகிறது. இதற்கு உள்பக்கம் எந்த வாட்டர்புரூப் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. மூடிய ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறித்தான் வெளிவரும்.

வெளிச்சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை முடிந்தவரை அகற்றி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு அமையுங்கள். உள்பக்கம் ஈரக்கறைக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பு முழுவதும் அந்தப் பூச்சில்தான் தங்கியிருக்கிறது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளேயே போய்விடும். சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் சுவரைத் திறந்தே காயவிட்டு, சுவருக்குள் துளையிட்டு ஓதத் தடுப்பு மருந்து செலுத்தும் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுத்து, அதன் பிறகு பூசுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வீடுகளில், சுவர் காய்வதற்குள் பொங்கலுக்காகப் பெயின்ட் அடித்தவர்களுக்கும் இதே தொல்லைதான் ஏற்பட்டது.

கேள்வி: மணலியில் போர்த் தண்ணீர்தான். இரண்டே ஆண்டில் கீசர் தொட்டி ஓட்டையாகிவிட்டது. புதிது வாங்கினாலும் இப்படித்தானா?

பதில்: மணலிக்கு வடக்கே மீஞ்சூரை ஒட்டிய நிலப்பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஆகவே முதலில் உங்கள் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் மொத்த) அளவையும் கடினத்தன்மையையும் சோதித்துவிடுங்கள். கீசர் தொட்டிக்குள் மக்னீசியத்தாலான ஆனோடு தண்டு ஒன்று இருக்கும். தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய நீர் முதலில் அந்தத் தண்டை அரித்துத் தின்னும். தண்டு தீர்ந்த பிறகு தொட்டியின் முறை வரும். உப்பு நீரில் அது மிக விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ்காரரைக் கொண்டு கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதுத் தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் தண்டின் விலை மிகச் சிறியது.

வெப்ப அளவை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகச் சுண்ணாம்புப் படிவு வேகமாகக் கட்டும். மெட்ரோ தண்ணீர் இணைப்பு இருக்குமானால் கீசருக்கு மட்டுமாவது அதைத் திருப்பிவிடலாம். பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை யாராவது அடைக்க வந்தால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். தொட்டி வெடிக்காமல் காப்பது அந்த வால்வுதான்.

கேள்வி: குழாயை இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது.

பதில்: இன்னும் இறுக்காதீர்கள், வாஷர் தேய்ந்திருக்கும். கேட் வால்வை மூடிவிட்டு, தலைப்பகுதியைக் கழற்றி வாஷரை மாற்றுங்கள். டெஃப்ளான் டேப் சுற்றும்போது மரை திருகும் திசையிலேயே சுற்றினால்தான் பிரியாமல் நிற்கும்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா காலத்துக் கட்டைக்குத்து ஒட்டு வீடு. மழைக்கு ஒழுகுகிறது. மாடி முழுவதும் சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் என்று வெளியூராரும் அறிந்த இந்தக் கூரையில், தேக்கு உத்தரங்களின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாக்கில் நிறுத்தி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் மெல்ல அசையும் கூரை இது. இதன் மேல் விறைப்பான சிமென்ட் தளம் போட்டால் அது தனியே வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் மரத்தை ஊறவைக்கும். போதாததற்கு உத்தரத்தின் மேல் புதிய பாரமும் சேரும்.

முதலில் உத்தரங்களின் நுனிகள் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அங்கேதான் ஈரமும் கரையானும் சேரும். ஸ்க்ரூடிரைவரால் குத்தும்போது கட்டை கெட்டியாக எதிர்த்தால் நல்லது. மெத்தென்று உள்ளே இறங்கினால் மேலே எந்த வேலையும் தொடங்காமல் அந்த உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து மாற்ற வேண்டும். மரம் நன்றாக இருக்குமானால், மாடியில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுத்து, உடைந்த தட்டோடுகளை மட்டும் மாற்றி, இடைவெளிகளைச் சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கடுக்காய், வெல்ல நீரில் குழைத்த கலவையால் அடைத்தாலே பெரும்பாலான ஒழுகல் நின்றுவிடும். இந்த வேலை தெரிந்த முதிய கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். விசாரித்து, அவர்களையே அழையுங்கள். இத்தகைய வீடுகள் வேகமாக இடிந்து மறைந்துவரும் பகுதியில் உங்கள் வீட்டைக் காக்க நினைப்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது.

கேள்வி: பெரம்பூர் அடுக்ககத்தில் கூடத்து டைல்ஸ் நடுவில் கூரைபோல் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டது. தரைக்குக் கீழே ஏதாவது ஆபத்தா?

பதில்: பெரும்பாலும் இல்லை. டைல்ஸ்களுக்கிடையிலும் சுவரோரத்திலும் இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்ததால், வெப்பத்தில் விரிந்தவை போக இடமின்றி எழும்பியிருக்கின்றன. எழும்பியவற்றை மட்டுமல்லாமல், சுற்றிலும் தட்டிப் பார்த்துப் பொள்ளலாக ஒலிப்பவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, பசையை டைல்ஸின் முழு முதுகிலும் பரப்பிப் பதியுங்கள். சுவரோர இடைவெளியைச் சிமென்டால் அடைக்காமல் ஸ்கர்ட்டிங்கின் மறைவில் திறந்தே விடுங்கள். வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இடுக்குச் சிமென்டைத் தின்றுவிடும். அந்த ஆசிட்டுடன் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு வெளிவரும் என்பதையும் வீட்டில் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எண்ணூரில் கடலைப் பார்த்த வீடு. இரும்பு கேட்டும் கம்பி வேலியும் ஒவ்வோர் ஆண்டும் துருப்பிடிக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறிவிடலாமா?

பதில்: சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 304 ரகத்தில் கடற்காற்று பட்டால் பழுப்புக் கறை படியும், மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும், ஆனால் விலை கூடுதல். இருக்கும் கேட்டையே காப்பாற்ற முடியும். பெயின்ட் அடிப்பதற்கு முன் எமரித் தாளால் தேய்ப்பதோடு நிறுத்தாமல், நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவைத்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். உப்பின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளித்து உரியும். வெல்டிங் இணைப்புகளிலும் கூர்மையான ஓரங்களிலும் பெயின்ட் மெலிந்து நிற்பதால், அங்கே தூரிகையால் கூடுதலாக ஒரு கை அடியுங்கள். கேட்டின் அடிக்குழாய் உள்ளே நீர் தேங்கி உள்ளிருந்தே அரிபடும். அதன் கீழ்ப்புறத்தில் சிறு துளையிட்டு நீரை வெளியேற்றுங்கள். வேலிக்குப் புதிய கம்பி வாங்கும்போது, மின்முறையில் மெல்லிய துத்தநாகம் பூசியதை விட்டுவிட்டு, உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததைக் கேட்டு வாங்கி, மழையில்லா மாதங்களில் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள்.